ஒட்டவும் வேணும், விடவும் வேணும்! – ரிச்சர்ட் ட்ரூவின் கதை

போன இதழில் சர் சி.வி.ராமன் பற்றிப் படிச்சீங்க. அதுக்கு முந்தின இதழில் கல்பனா சாவ்லா. இந்த இதழுக்கு நான் எழுதியிருப்பவர் பெயர் ரிச்சர்ட் ட்ரூ. யாருன்னு யோசிக்கிறீங்களா? இந்தத் தாளின் நாலு மூலையையும் பாருங்க. வெளிர்மஞ்சள் நிறத்தில் பேப்பர் டேப் ஒட்டியிருக்கா? அதைக் கண்டுபிடிச்சவர் அவர்தான். உங்க கிழிஞ்ச நோட்டை ஒட்டும் கண்ணாடி மாதிரி டேப்பும் அவர் செய்ததுதான். அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கு. அது கொஞ்சம் வெட்கமான காரணம். இருந்தாலும் சொல்லிடறேன்.

எங்க சித்தப்பா கார்களுக்கு டிங்கரிங், பெயிண்டிங் செய்யும் பட்டறை வெச்சிருக்கார். முழுப்பரீட்சை லீவில் அவருக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. ஒருநாள் அங்கே ஒரு சிவப்புக் கார் நின்றது. கார் கதவுகளின் குறுக்கே கறுப்பு ரப்பர் பட்டை மாதிரி ஒண்ணு ஓடுமே, பார்த்திருப்பீங்க. பக்கத்து வண்டியின் கதவு வந்து இடிச்சாலும் நம்ம கதவில் அடி படாமல் இருக்க அதை ஒட்டுவாங்க. சைடு பீடிங் என்று பேர். ஆணி, திருகு எதுவும் கிடையாது. பின்பக்கம் இருக்கும் பசை டேப்தான் அதைப் பிடிச்சிருக்கும். இந்தக் காரின் பீடிங் வெயிலில் வெளிறி, ஒரு முனை கிளம்பி நின்றது. அதைக் கழற்றிட்டுப் புதுசு போடச் சொல்லி வண்டிக்காரர் விட்டுட்டுப் போயிருந்தார். சித்தப்பா கை கழுவப் போனார். அதுக்குள்ளே நான் உதவி செய்யறேன் பேர்வழி என்று, கிளம்பின முனையைப் பிடிச்சு ஒரே இழுப்பு இழுத்தேன்.

சர்ர்ர்! பீடிங் வந்தது. கூடவே என் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டும் வந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் பிரைமர் தெரிஞ்சது.

சித்தப்பா திட்டலை. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. கொஞ்ச நேரம் கதவையே பார்த்துட்டு, தூக்குவாளியைத் திறக்காமல் அப்படியே ஓரமாக வெச்சுட்டார். பெயிண்டு போன இடத்தில் மட்டும் அடிச்சா ரெண்டு சிவப்பாகத் தெரியுமாம். அதனால் முழுக் கதவையும் தேய்ச்சு அடிக்க வேண்டியதாச்சு. பெயிண்டு, தின்னர், ரெண்டு நாள் கூலி எல்லாம் அவர் கையை விட்டுப் போச்சு. வண்டிக்காரர் வந்தப்ப தன் கை தவறிப் போச்சுன்னு சொல்லிட்டார். நான் கம்ப்ரசருக்குப் பின்னாடி நின்னு அதைக் கேட்டேன்.

மறுநாள் அந்தக் கதவுக்குப் பெயிண்டு அடிக்கும் முன்னாடி கைப்பிடி, கண்ணாடி, பக்கத்துக் கதவின் ஓரம் எல்லாத்தையும் பேப்பர் டேப்பும் பழைய செய்தித்தாளும் வெச்சு மறைச்சார். அடிச்சு முடிஞ்சதும் டேப்பின் நுனியைப் பிடிச்சு, பின்பக்கமாக மடிச்சு, மெதுவாக உரிச்சார். பக்கத்துக் கதவின் பெயிண்டில் ஒரு கீறல் கூட இல்லை. எனக்கு ஒரே ஆச்சரியம்! நானும் ஒரு டேப்பைத்தானே இழுத்தேன்? அது பெயிண்டைப் பிடுங்கிக்கிட்டு வந்தது. இது மட்டும் எப்படிச் சாதுவாக வருது? சித்தப்பாவின் கைக்குத் தெரியுது, ஆனா காரணம் கேட்டால் அவருக்குச் சொல்ல வரலை. பள்ளி திறந்ததும் அறிவியல் மிஸ்ஸிடம் கேட்டேன். மிஸ் சிரிச்சுட்டு, ரிச்சர்ட் ட்ரூவின் கதையைத் தேடிப் படிக்கச் சொன்னாங்க. படிச்சேன். என்னை மாதிரியே பெயிண்டு பிடுங்கிக்கிட்டு வந்த ஒரு காரில்தான் அவர் கதையும் ஆரம்பிக்குது!

ரிச்சர்ட் கர்லி ட்ரூ 1899 ஜூன் 22-ஆம் தேதி, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள செயின்ட் பால் நகரில் பிறந்தார். அவருக்கு பாஞ்சோ வாசிக்கத் தெரியும். வட்டமான தோல் முகத்துடன் நீளமான கழுத்து வெச்ச தந்தி வாத்தியம் அது. நடன நிகழ்ச்சிகளில் பாஞ்சோ வாசிச்சுச் சம்பாதித்த காசில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். ஆனால் படிப்பை முடிக்கலை. பாதியில் நின்னுட்டார். இயந்திர வடிவமைப்பை மட்டும் தபால் வழியாகப் படிச்சார். 1920-களின் தொடக்கத்தில் ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டுக் கடிதம் எழுதினார். அதில் அவர் பெருமை எதுவும் பேசலை. தனக்கு அனுபவம் இல்லை, கொடுக்கிற சம்பளம் போதும், டிராக்டர் ஓட்டியிருக்கேன், பண்ணை வேலை செய்திருக்கேன், உடம்பை வளைச்சு வேலை செய்யத் தயார் என்கிற மாதிரி எழுதியிருந்தார். கிராமத்துப் பிள்ளைகள் நமக்கு இந்தக் கடிதம் நல்லாப் புரியும் இல்லையா? அந்தக் கம்பெனியும் அவரைப் பரிசோதனைக்கூட உதவியாளராகச் சேர்த்துக்கிட்டது.

அந்தக் கம்பெனிதான் த்ரீ எம். அதுக்கும் ஒரு வேடிக்கைக் கதை இருக்கு. 1902-ல் ஐந்து பேர் சேர்ந்து, சாணைக்கல் செய்ய உதவும் குருந்தம் என்ற கடினமான கனிமத்தைத் தோண்டி விற்க அதை ஆரம்பிச்சாங்க. தோண்டிப் பார்த்தால் அது குருந்தமே இல்லை, வேற ஏதோ மட்டமான கல்! பணமெல்லாம் போச்சு. அப்புறம் உப்புத்தாள் செய்து பிழைச்சாங்க. ட்ரூ சேர்ந்த சமயத்தில் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளை அந்தக் கம்பெனி புதுசாக விற்க ஆரம்பிச்சிருந்தது. தூசி பறக்காது, வழவழப்பாகவும் வரும். நம்ம பட்டறைகளில் வாட்டர் பேப்பர் என்பாங்களே, அதேதான். இந்தத் தாள் சரியாகத் தேய்க்குதான்னு பார்க்கறதுதான் ட்ரூவின் வேலை. அதுக்காக அவர் செயின்ட் பாலில் இருந்த கார் பெயிண்டிங் பட்டறைகளுக்குப் போவார்.

1923-ல் ஒருநாள் அப்படி ஒரு பட்டறைக்குள் நுழைஞ்சார். உள்ளே பெயிண்டர் வாயில் வந்தபடி திட்டிக்கிட்டு இருந்தார். என்ன விஷயம்? அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ரெண்டு கலர் கார் வாங்குவது புது நாகரிகம். மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். நடுவில் கோடு நேராக வரணும். அதுக்கு முதல் நிறம் அடிச்சுக் காய்ஞ்சதும், அதன் மேல் தாளை ஒட்டி மறைச்சுட்டு ரெண்டாவது நிறத்தை அடிப்பாங்க. தாளை ஒட்ட அவங்களே கிண்டின பசை, இல்லாட்டி ஆஸ்பத்திரியில் கட்டுக்குப் போடும் பிளாஸ்திரி. அது கெட்டியாகப் பிடிச்சுக்கும். உரிக்கும்போது முதல் நிறத்தையும் சேர்த்து உரிச்சுக்கிட்டு வந்துடும். பாடுபட்டு அடிச்ச பெயிண்டு பாழ். மறுபடியும் தேய்க்கணும், மறுபடியும் அடிக்கணும். இதைப் படிச்சப்ப எனக்கு அந்தச் சிவப்புக் கதவு கண் முன்னாடி வந்து நின்றது. அந்தப் பெயிண்டர் திட்டினதில் தப்பே இல்லை என்று நான் நினைக்கிறேன்.

அங்கே நின்ற ட்ரூவுக்கு வயசு 24 கூட ஆகியிருக்குமோ என்னவோ. டேப் பற்றி அவருக்கு ஒண்ணுமே தெரியாது. அவர் கம்பெனியும் டேப் செய்யும் கம்பெனி கிடையாது. இருந்தாலும் பெயிண்டை எடுக்காத டேப் ஒண்ணு செய்து தருவதாக அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்துட்டார்.

வாக்குக் கொடுப்பது சுலபம். செய்து முடிக்க ரெண்டு வருஷம் ஆச்சு! தாவர எண்ணெய்கள், பிசின்கள், ஆளிவிதை எண்ணெய் என்று என்னென்னவோ கலந்து பார்த்தார். சூயிங்கம் செய்வாங்களே, அந்த மரத்துப் பாலைக் கூடச் சேர்த்துப் பார்த்தார். (அது நம்ம சப்போட்டா மரத்துப் பால்தான்! எங்க வீட்டு மரத்தில் காய் பறிச்சால் கையில் பிசுபிசுன்னு ஒட்டும்.) இங்கே ஒரு சிக்கலைப் புரிஞ்சுக்கணும். பசை அதிகமாக ஒட்டினால் பெயிண்டு வரும். குறைவாக ஒட்டினால் ஓரத்தில் இடுக்கு விழுந்து அடுத்த நிறம் உள்ளே கசியும். காயவும் கூடாது, உருகி ஓடவும் கூடாது. உரிச்ச பிறகு பிசுக்கு எதுவும் மிஞ்சவும் கூடாது. கடைசியில் மரவேலைக்காரர்கள் பயன்படுத்தும் வச்சிரப் பசையில் கிளிசரினைக் கலந்து பார்த்தார். வச்சிரம் மட்டும் இருந்தால் காய்ஞ்சு கல்லாகிடும். கிளிசரின் அதைக் காய விடாமல் பிசுபிசுப்பாகவே வெச்சிருக்கும். அந்தக் கலவை சரியாக வந்தது.

பசை கிடைச்சாச்சு. அதைத் தடவத் தாள்? சாதாரணத் தாள் கார் வளைவுகளில் மடங்கிக் கிழியும். அதுக்கு அவர் கண்டுபிடிச்ச வழி கிரேப் தாள். ஆண்டு விழாவுக்கு நாம பூ செய்யும் சுருக்கம் சுருக்கமான தாள் இருக்கே, அந்த ஜாதி. இழுத்தால் கொஞ்சம் நீளும், வளைச்ச பக்கம் வளையும். வீட்டில் பேப்பர் டேப் இருந்தால் வெளிச்சத்தில் உற்றுப் பாருங்க. குட்டிக் குட்டிச் சுருக்கம் தெரியும்.

இதுக்கு நடுவில் அவருக்கு ஒரு சோதனை வந்தது. கம்பெனியை நடத்தி வந்த வில்லியம் மெக்நைட், டேப்பை விட்டுட்டு உப்புத்தாள் வேலையைப் பார்க்கச் சொல்லிட்டார். ட்ரூவும் சரின்னு தலையாட்டினார். ஒரே ஒரு நாள் உப்புத்தாள் வேலை பார்த்தார். மறுபடியும் டேப்புக்கே போயிட்டார்! மெக்நைட் அதைப் பார்த்துட்டார். ஆனா பார்த்தும் பார்க்காத மாதிரி நகர்ந்துட்டார். அப்புறம் டேப் செய்ய ஒரு இயந்திரம் வேணும்னு ட்ரூ பணம் கேட்டார். மெக்நைட் முடியாதுன்னுட்டார். ட்ரூ என்ன செய்தார் தெரியுமா? 100 டாலர் வரைக்கும் யாரையும் கேட்காமல் பொருள் வாங்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது. அதனால் 99 டாலர், 99 டாலர் என்று பிரிச்சுப் பிரிச்சு ஆர்டர் எழுதி அந்த இயந்திரத்தையே வாங்கிட்டார்! பின்னாடி மெக்நைட்டிடம் உண்மையை அவரே சொன்னார். மெக்நைட் அவரைத் தண்டிக்கலை. திறமையான ஆட்களை அவங்க போக்கில் விடணும் என்பதைத் தன் கம்பெனியின் பழக்கமாகவே ஆக்கினார்.

(இதைப் படிச்சுட்டு ஆசிரியர் சொன்ன வீட்டுப்பாடத்தை விட்டுட்டு வேற ஏதாவது செய்தால் அதுக்கு நான் பொறுப்பில்லை! எனக்கும் இந்த இடம் சரியா தப்பான்னு இன்னும் முடிவாகலை. ஆனா அவர் தானாகப் போய் ஒத்துக்கிட்டது எனக்குப் பிடிச்சிருக்கு.)

1925-ல் டேப் தயாரானது. ரெண்டு அங்குல அகலம். ஆனா சிக்கனம் பார்த்து ரெண்டு ஓரங்களில் மட்டும் பசை தடவி, நடுவில் வெறும் தாளாக விட்டிருந்தாங்க. ஒரு பெயிண்டர் ஒட்டிப் பார்த்தார். செய்தித்தாளின் கனம் தாங்காமல் டேப் கழன்று விழுந்துடுச்சு. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஸ்காட்லாந்துக்காரர்களைக் கஞ்சர்கள் என்று கேலி பேசும் வழக்கம் இருந்ததாம். அது நியாயமில்லாத பேச்சு. அந்தப் பெயிண்டரும் அதே கேலியில், இந்த டேப்பைக் கொண்டுபோய் உங்க ஸ்காட்ச் முதலாளிகளிடம் கொடுத்து இன்னும் கொஞ்சம் பசை தடவச் சொல்லுங்கன்னு ட்ரூவை விரட்டிட்டார். டேப் முழுக்கப் பசை வந்தது. திட்டு வாங்கின பேரே டேப்புக்கும் நிலைச்சுப் போச்சு. இப்பவும் ஸ்காட்ச் என்ற பேரில்தான் உலகம் முழுக்க விற்குது.

இதோடு அவர் நிற்கலை. 1929 வாக்கில் பொட்டலம் கட்ட செல்லோஃபேன் என்ற பளபளப்பான, கண்ணாடி மாதிரித் தாள் பரவிக்கிட்டு இருந்தது. அதன் மேலேயே பசை தடவினால் என்ன என்று ட்ரூவுக்குத் தோணுச்சு. செல்லோஃபேன் லேசில் மசியலை. சூடு பட்டால் சுருளும், இயந்திரத்தில் போட்டால் கிழியும், பசை சமமாகப் பரவாது. நிறமில்லாத பசை வேற வேணும். ஒரு வருஷத்துக்கு மேல் போராடி, 1930 செப்டம்பரில் முதல் சுருளைச் சோதனைக்காக ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினாங்க. அதே 1930-ல் மாஸ்கிங் டேப்புக்கும் காப்புரிமை கிடைச்சது. அது அமெரிக்காவில் பெரும் பஞ்ச காலம். வேலை இல்லை, கையில் காசு இல்லை. புதுசு வாங்க முடியாத மக்கள் கிழிஞ்ச புத்தகம், உடைஞ்ச பொம்மை, ஜன்னல் திரை என்று எல்லாத்தையும் இந்த டேப்பால் ஒட்டி ஓட்டினாங்க. பல கம்பெனிகள் மூடின அந்த வருஷங்களில் இந்தக் கம்பெனி வளர்ந்தது. சுருளின் நுனியைத் தேடி நகத்தால் சுரண்டும் கஷ்டம் நமக்குத் தெரியும். அதுக்கும் 1932-ல் ஜான் போர்டன் என்ற அதே கம்பெனிக்காரர் வெட்டும் பல்லோடு கூடிய தாங்கி ஒண்ணு செய்தார்.

ட்ரூ பிற்காலத்தில் தனியாக ஒரு ஆய்வுக்கூடத்தை நடத்தினார். மூச்சு விடும் தோலுக்குத் தக்கபடி காற்று புகும் ஆஸ்பத்திரி டேப் அங்கேதான் பிறந்தது. குளுக்கோஸ் ஏற்றும்போது கையில் ஒட்டுவாங்களே, அந்த வெள்ளை பேப்பர் டேப். எங்க ஆயாவுக்கு ஒட்டியிருந்தாங்க. எடுக்கும்போது அவங்க தோல் துளி கூட உரியலை. காரின் பெயிண்டைக் காப்பாத்த ஆரம்பிச்சவர் கடைசியில் நோயாளிகளின் தோலையும் காப்பாத்தியிருக்கார்! மொத்தம் 30 காப்புரிமைகள் அவர் பேரில் இருக்கு. 1962-ல் ஓய்வு பெற்றார். 1980 டிசம்பர் 14-ஆம் தேதி, கலிபோர்னியாவில் சாண்டா பார்பரா நகரில், 81 வயதில் காலமானார். 2007-ல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்களின் புகழ்மண்டபத்தில் அவர் பேரைச் சேர்த்தாங்க.

இப்ப என் கேள்விக்கு வரேன். நான் இழுத்த டேப் ஏன் பெயிண்டைப் பிடுங்கியது? அது ட்ரூ செய்த ஜாதி கிடையாது. அவர் செய்தது வேலை முடிஞ்சதும் விட்டுடணும் என்பதற்காகவே செய்த டேப். பீடிங்கின் பின்னாடி இருப்பது விடவே கூடாது என்று செய்தது. ரெண்டு பக்கமும் பசை வெச்ச, ஸ்பஞ்சு மாதிரியான டேப். நாள் ஆக ஆகப் பசை பெயிண்டோடு நெருங்கிப் போய் இன்னும் கெட்டியாகும். இன்னொண்ணும் இருக்கு. இந்த மாதிரிப் பசையை வெடுக்கென்று இழுத்தால் கல் மாதிரி விறைச்சு நிற்கும். மெதுவாக இழுத்தால் நீண்டு கொடுக்கும். சூடு பட்டால் இளகிடும். நான் நிழலில் நின்ற காரில், வெடுக்கென்று, நேராக வெளியே இழுத்தேன். செய்யக்கூடாத மூணையும் ஒரே நேரத்தில் செய்திருக்கேன்! போதாததுக்கு அந்தக் கதவு முன்னாடியே ஒரு தடவை அடிபட்டு மறுபெயிண்டு அடிச்சதாம். அப்படிப்பட்ட கதவில் பெயிண்டின் பிடிப்பு குறைவாக இருக்குமாம்.

அந்தக் காரின் இன்னொரு பக்கத்துப் பீடிங்கைச் சித்தப்பா எடுத்தப்ப என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி மண்ணை எடுத்தார். மண் இருந்தால் அதுவே உப்புத்தாள் மாதிரி கீறிடும். அப்புறம் முடி காய வைக்கும் மெஷினால் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு காட்டினார். கை வெச்சால் சுடணும், ஆனா வெச்சிருக்க முடியணும், அதுதான் அளவு. பிறகு ஸ்க்ரூ டிரைவர், பிளேடு எதையும் தொடலை. தூண்டில் நரம்பை எடுத்து ரெண்டு கையிலும் சுத்திக்கிட்டு, பீடிங்குக்கும் கதவுக்கும் நடுவில் விட்டு ரம்பம் அறுக்கற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தார். ஸ்பஞ்சு நடுவிலேயே அறுபட்டு, பீடிங் தானாக அவர் கையில் விழுந்தது. கதவில் மிஞ்சின பசையை மறுபடியும் சூடு காட்டிக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுத்தார். ரொம்பப் பிடிவாதமாக இருந்த இடத்தில் துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சார். உடனே சோப்புத் தண்ணீரில் கழுவினார். தின்னர் பக்கம் போகவே இல்லை. தின்னர் பசையோடு பெயிண்டையும் கரைச்சுடும். முக்கால் மணி நேரம் ஆச்சு. பெயிண்டு அப்படியே இருந்தது.

ட்ரூ இறந்த அதே 1980-ல்தான், அவர் வேலை பார்த்த கம்பெனி ஆணிக்குப் பதிலாக ஒட்டக்கூடிய பலமான ஸ்பஞ்சு டேப்பை வெளியிட்டது. அது சித்தப்பாவுக்குத் தெரியாது. நான்தான் சொன்னேன். வாட்டர் பேப்பர் கதை, 99 டாலர் கதை, பெயிண்டர் திட்டின கதை எல்லாம் சொன்னேன். 99 டாலர் கதைக்கு நல்லாச் சிரிச்சார். அந்தப் பெயிண்டர் பேர் என்னன்னு கேட்டார். புத்தகத்தில் அவர் பேர் இல்லைன்னேன். சித்தப்பாவின் சிரிப்பு நின்னு போச்சு.

அரைப்பரீட்சை லீவில் பட்டறைக்கு ஒரு வெள்ளைக் கார் வந்தது. தூண்டில் நரம்பைச் சித்தப்பாவே என் கையில் கொடுத்தார். நாலு கதவுப் பீடிங்கும் நான்தான் எடுத்தேன். ரெண்டு விரலில் நரம்பு அறுத்துடுச்சு. கதவில் ஒரு கீறல் இல்லை.

பி.கு: போன இதழை யாரோ வெடுக்கென்று பிய்த்ததில் சுவரின் சுண்ணாம்பும் சேர்ந்து வந்து தலைமையாசிரியரிடம் எல்லாரும் திட்டு வாங்கினோம். இந்தத் தாளை நான் மாஸ்கிங் டேப்பால் ஒட்டியிருக்கேன். அடுத்த இதழ் வரும்போது தயவுசெய்து யாரும் இழுக்காதீங்க. ஒன்பதாம் வகுப்பில் வந்து என்னைக் கூப்பிடுங்க. நானே வந்து மெதுவாக உரிச்சுத் தரேன்.